விதை படாத வாய்

சின்னத்தங்கம் ஆமணக்கெண்ணெயைக் காய்ச்சி, இஞ்சிச்சாறும் விட்டு, கிண்ணத்தில் ஆற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுடைய தம்பி பஸ்ரியாம்பிள்ளை விறாந்தைப் பாயில் முழங்காலை நெஞ்சுக்கு மடக்கிக்கொண்டு சுருண்டு கிடந்தார். அடிவயிற்றின் இடப்பக்கத்தில் வைத்த கையை விடியற்காலையிலிருந்து எடுக்கவில்லை. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. அவருடைய பெண்சாதி அல்போன்சம்மா படியில் குறுக்கே நின்றாள்.

"விலகு பிள்ளை. எண்ணெய் ஆறினால் குடிக்கேலாது."

"நான் குடுக்க விடமாட்டன் மச்சாள்."

"நாலு நாளா வெளிக்குப் போகேல்லையாம். வயிறு உப்பிப்போய்க் கிடக்கு. உள்ளுக்கை கட்டிக் கிடக்கிறதை இறக்கிவிட்டால் காய்ச்சலும் தன்பாட்டிலை இறங்கும். எங்கடை அப்பு எந்த டொக்குத்தரிட்டைப் போனவர்? வருசத்திலை இரண்டு தரம் பேதி குடிச்சு எண்பத்திரண்டு வயசுமட்டும் இருந்தவர்."

"அப்புவின்ரை குடல் வேறை. இவரின்ரை குடல் வேறை."

நெடுந்தீவில் பேதி குடிக்காத வயிறு கிடையாது. சோளகக் காற்று எழும்பிக் கடல் தொழில் படுத்துவிட்டால், வள்ளங்களைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்து அடியில் ஒட்டின சிப்பியையும் பாசியையும் சுரண்டுவார்கள். அதே கிழமையில் வீட்டிலுள்ள அத்தனை பேரும் வரிசையாய் நின்று ஆமணக்கெண்ணெய் குடிப்பார்கள். வள்ளத்துக்குச் செய்வதை வயிற்றுக்கும் செய்துவிடவேண்டும் என்பது அங்கே பெரிய நியாயம். அதைக் குடிக்காமல் ஒளிக்கிறவனை ஊர் பார்த்துச் சிரிக்கும்.

அந்த நியாயத்தை நம்பி ஒருமுறை சூடு கண்டவள் அல்போன்சம்மா. ஏழு வருசத்துக்கு முன்னம், அறுபத்தேழாம் ஆண்டு தை மாதம், இதே விறாந்தையில் இதே வலி. அன்றைக்கு எண்ணெயைக் கொடுத்தது அவளுடைய கைதான். பின்னேரத்துக்குள் மனிசன் இரத்தமாய்ப் போகத் தொடங்கிவிட்டார். யாழ்ப்பாணத்துப் பெரியாசுப்பத்திரியில் நரைத்த தலை டொக்டர் ஒருவர், கீழ்வழியால் வெள்ளை மருந்து ஏற்றிப் படம் எடுத்துப் பார்த்தார். குடலின் சுவரிலே மிளகளவில் சின்னச் சின்னப் பைகள் வெளித்தள்ளியிருக்கின்றன, அதில் ஒன்று சீழ் கட்டிவிட்டது என்றார். "இன்னொரு கரண்டி எண்ணெய் குடுத்திருந்தால் அது வெடிச்சிருக்கும். நீர் பெட்டியிலைதான் இவரைக் கொண்டுபோயிருப்பீர்" என்றும் சொன்னார். அந்த வார்த்தை அவளுடைய நெஞ்சில் ஆணி அறைந்ததுபோல இன்னும் நின்றது.

பாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. சின்னத்தங்கம் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே கால் வைத்தாள்.

"என்ரை தம்பி சாகிறதை நான் பாத்துக்கொண்டிருக்கிறதோ?"

அல்போன்சம்மா கிண்ணத்தைப் பறித்தாள். நேரே உள்ளே போய், அந்தோனியார் படத்துக்கு முன்னாலிருந்த விளக்கில் எண்ணெய் முழுவதையும் ஊற்றினாள். விளக்கு நிரம்பி வழிந்து பலகையில் ஓடியது.

"குடிக்கிறவர் குடிக்கட்டும்" என்றாள். "மச்சாள், கோவியாதேங்கோ. கெதியா ஒரு வண்டில் பிடிச்சுத் தாங்கோ."

சின்னத்தங்கம் வாயில் வந்ததையெல்லாம் திட்டினாள். ஆனாலும் திட்டிக்கொண்டே வண்டிலுக்கு ஓடியவளும் அவள்தான்.

தீவு ஆசுப்பத்திரியில் அப்போதிக்கரி ஐயாத்துரை வயிற்றை இடப்பக்கம் அழுத்தினார். பஸ்ரியாம்பிள்ளை துள்ளினார்.

"இஞ்சை வைச்சிருக்க ஏலாது. இண்டைக்கே யாழ்ப்பாணம் போகவேணும். வழியிலை ஒண்டும் குடுக்கக்கூடாது. தண்ணி கேட்டால் சொண்டை மட்டும் நனையுங்கோ."

"லோஞ்ச் மூண்டு நாளா ஓடேல்லையே ஐயா."

"அது எனக்கும் தெரியும் அம்மா" என்றார் அப்போதிக்கரி.

மாவிலித்துறையில் அரசாங்க லோஞ்ச் இரட்டைக் கயிற்றில் கட்டிக் கிடந்து முட்டி மோதியது. பக்கத்து வளவு லியோன் தன்னுடைய மெசின் வள்ளத்தில் குந்தியிருந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ரியாம்பிள்ளையோடு பதினைந்து வருசம் ஒரே வள்ளத்தில் போன மனிசன்.

"மத்தியானத்துக்குப் பிறகு காத்து இன்னும் ஏறும் அக்கா. போறதெண்டால் இப்பவே போகவேணும். ஏறினாப் பிறகு திரும்பச் சொல்லாதேங்கோ, இந்தக் கடலிலை வள்ளத்தைக் குறுக்காலை திருப்பினால் நாங்கள் மூண்டு பேரும் கடலுக்கைதான்."

"நீ விடு லியோன். நான் வாய் திறக்கன்."

பாயை விரித்து அவரை வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தோடு கிடத்தினார்கள். துறையை விட்ட மறுகணமே முதல் அலை வந்து மூவரையும் நனைத்தது. அல்போன்சம்மா அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு, வள்ளம் எழும்பி விழுகிறபோதெல்லாம் தன் இரண்டு கையாலும் வயிற்றுக்கு அணை கொடுத்தாள். உள்ளே அந்தப் பை, ஒரு மீன் முள் பட்டாலும் கிழிந்துவிடும் பலூன் மாதிரி இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. ஒவ்வொரு அடிக்கும் இதோ வெடிக்கிறது, இதோ வெடிக்கிறது என்றே இருந்தாள்.

பாதிக் கடலில் அவர் கண்ணைத் திறந்தார்.

"தண்ணி."

ஈரத் துணியால் சொண்டை ஒற்றினாள். "நாலு நாளா வலிச்சிருக்கு. ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ அந்தோனியாருக்கு இன்னொரு நேர்த்தி வைப்பாய்" என்றார், மூச்சு வாங்கி வாங்கி. "மிஞ்சிக் கிடக்கிறது சொதி ஒண்டுதான். அதையும் பறிகுடுக்கேலாது."

பின்னுக்கு மெசினைப் பிடித்துக்கொண்டிருந்த லியோன் அந்த நேரத்திலும் சிரித்துவிட்டான். அல்போன்சம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்து, ஒன்றும் சரியாய் வெளியே வரவில்லை.

"ஒரு வாய் ஒடியல் கூழ் குடிச்சிட்டுச் செத்தாலும் பறவாயில்லை" என்றார் பிறகு.

"வாயை மூடுங்கோ."

நேர்த்தியின் கதை ஊருக்கே தெரியும். அறுபத்தேழில் அந்த நரைத்த டொக்டர், சக்கை, கோது, விதை ஒன்றும் சேராமல் பாணும் குழைந்த வெள்ளைச் சோறும் கொடுக்கச் சொல்லி, ஒரு துண்டும் எழுதித் தந்து, பங்குனியில் கிளினிக்குக்கு வரச்சொல்லி விட்டார். கிளினிக் நாளும் கச்சதீவு அந்தோனியார் திருநாளும் ஒரே நாளில் விழுந்துவிட்டன. நெடுந்தீவில் வள்ளம் வைத்திருக்கிறவன், செத்துப் பிழைத்த வருசத்தில், கச்சதீவை விட்டுவிட்டுக் கிளினிக்குக்குப் போவானா? குடும்பமாய்க் கச்சதீவுக்குத்தான் போனார்கள். அங்கே கோயில் மணலில் முழங்காலில் நின்று அல்போன்சம்மா நேர்ந்தாள்: "இந்த மனிசனை எனக்குத் திருப்பித் தந்திட்டீர். இனி இவர் சாகுமட்டும் இவரின்ரை வாயிலை ஒரு விதை, ஒரு சக்கை படாமல் பாத்துக்கொள்ளுவன். இது உமக்கு என்ரை நேர்த்தி."

சொன்னாள், செய்தாள். கத்தரிக்காயைக் கீறி ஈர்க்கால் விதை கிண்டி எடுத்தாள். தக்காளியைச் சீலைத்துணியில் பிழிந்து சாறு மட்டும் விட்டாள். மிளகாயை உதறி உதறித்தான் சட்டியில் போட்டாள். முருங்கை இலை, கீரை, பயற்றங்காய், குரக்கன் தானியம், பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல் எல்லாம் அவருடைய கோப்பைக்கு எட்டாத சாமான்களாகிப் போயின. வீட்டில் கூழ் காய்ச்சுகிற நாளில் மனிசன் மணத்தைத் தாங்கமாட்டாமல் எழும்பிக் கடற்கரைக்குப் போய்விடுவார். போன வருசம் தொடங்கி அமெரிக்கன் கோதுமை மா தட்டுப்பாடாகி, பாணுக்கு ஊரே அடிபட்டது. அப்போதும் இருட்டோடு போய்ப் பேக்கரி வாசலில் நின்று, கிடைத்த அரை றாத்தலை முழுவதாய் அவருக்கு வைத்தாள். தான் ஒடியல் பிட்டும் கீரையும் தின்றாள். தன்னைப்போல ஒரு பெண்சாதி அவருக்கு வாய்க்கமாட்டாள் என்று உள்ளுக்குள் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. இருந்தால் என்ன பிழை?

எதிர்க்கரைக் குறிகட்டுவானில் இறங்கி, யாரோ ஒரு புண்ணியவானின் காரில் யாழ்ப்பாணம் சேரப் பின்னேரம் மூன்று மணி. கண்ணாடி போட்ட இளந்தாரி டொக்டர் ஒருவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஊசி போட்டு, சேலைன் ஏற்றினார்.

"பழைய பை ஒண்டுதான் திரும்பக் கொதிச்சிருக்கு. இப்ப குடலுக்கு ஓய்வு குடுக்கிறம். நாளைப் பின்னேரம்வரை பாப்பம். வயிறு பலகை மாதிரி இறுகினால் வெட்டத்தான் வேணும். இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ."

"வெட்டினால் தப்புவரோ ஐயா?"

"இப்ப நான் ஒண்டும் சொல்ல ஏலாது அம்மா."

கையெழுத்து வைத்தாள். அல்லைப்பிட்டியில் கட்டிக்கொடுத்த மகள் மேரிஜோசப்பின் ஓடிவந்து தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாள். அது கையிலேயே ஆறிப்போனது. மறுநாள் முழுவதும் அல்போன்சம்மா ஆசுப்பத்திரி விறாந்தை வாங்கில் குந்தியிருந்து செபமாலையை உருட்டினாள். செபம் பாதியில் நின்று சண்டையாய் மாறியது. "நான் என்ரை பங்கைச் செய்தனான். ஏழு வருசம், ஒரு விதை! ஒரே ஒரு விதை படவிட்டனானோ? சொல்லும். நீர் உம்மடை பங்கைச் செய்யும். இல்லாட்டி இனி உம்மடை தீவுப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன்." பக்கத்தில் இருந்த சனம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

பின்னேரம் நாலு மணிக்கு டொக்டர் வந்து போர்வையை விலக்கினார். அல்போன்சம்மா அவருடைய விரல்களையே பார்த்தாள். விரல் அமுங்கியது. இன்னும் கொஞ்சம் கீழே, அங்கேயும் அமுங்கியது. பஸ்ரியாம்பிள்ளை முகத்தைச் சுளித்தார். ஆனால் முதல்நாள் போலத் துள்ளவில்லை.

"வெட்டத் தேவையில்லைப் போலை" என்றார் டொக்டர்.

அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

ஆறாம் நாள், அவர் சோற்றுக் கஞ்சி குடித்துத் தலையணையில் சாய்ந்திருக்கிறபோது, டொக்டர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"வீட்டிலை என்ன சாப்பிடுறவர்?"

இந்தக் கேள்விக்காக ஏழு வருசம் காத்திருந்தவள் மாதிரி அல்போன்சம்மா நிமிர்ந்தாள். ஈர்க்கால் விதை கிண்டுவதிலிருந்து பேக்கரி வாசல்வரை ஒன்றும் விடாமல் ஒப்புவித்தாள். டொக்டர் எழுதிக்கொண்டு வந்தவர் பாதியில் பேனையை நிறுத்தினார்.

"கீரை?"

"படவிடேல்லை."

"குரக்கன், ஒடியல்?"

"மணக்கக்கூட விடேல்லை ஐயா."

"தண்ணி எவ்வளவு குடிக்கிறனீங்கள்?"

பஸ்ரியாம்பிள்ளை யோசித்தார். "கடலுக்குப் போனால் ஒரு போத்தல். கூடக் குடிச்சால் எழும்பி எழும்பிப் போகவேணுமே. எங்கடை ஊர்த் தண்ணியும் உவர்தானே."

"கடலிலை வெளிக்கு வந்தால்?"

"அடக்கிறதுதான். அஞ்சு பேர் நிக்கிற வள்ளத்திலை என்ன செய்யிறது? கரைக்கு வர அது மறந்துபோம். பிறகு முக்கி முக்கி…" மிச்சத்தைச் சொல்லக் கூச்சப்பட்டார்.

"ஏழு வருசம்" என்றார் டொக்டர் மெல்ல. "ஆர் சொன்னது இப்பிடிச் சாப்பிடச் சொல்லி?"

அல்போன்சம்மா பனையோலைக் கொட்டைப்பெட்டியைத் திறந்து, மடிப்பில் கிழிந்த இங்கிலீசுத் துண்டை எடுத்து நீட்டினாள். அவர் விரித்து வாசித்தார். திரும்ப ஒருமுறை வாசித்தார்.

"இதிலை இரண்டு மாதத்துக்கு எண்டெல்லோ எழுதியிருக்கு அம்மா. பிறகு வரச் சொல்லியிருக்கு. வந்தனீங்களோ?"

"அண்டைக்குக் கச்சதீவு" என்றாள் அவள்.

டொக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை அவளுக்குப் பிறகும் பிடித்திருந்தது.

"இதை எழுதின பெரியவரிலையும் பிழையில்லை. எங்களுக்கும் முந்தி உப்பிடித்தான் படிப்பிச்சவை, மெதுவான சாப்பாடுதான் குடுக்கவேணுமெண்டு. இப்பதான் மாத்திச் சொல்லினம். ஐயா, சைக்கிள் ரயர் ஒரு இடத்திலை நைஞ்சுபோனால் என்ன நடக்கும்?"

"ரியூப் பிதுங்கும்."

"காத்தைக் கூட அடிச்சால்?"

"இன்னும் பிதுங்கும். பேந்து வெடிக்கும்."

"அதுதான் உங்கடை குடல். சக்கை இல்லாத சாப்பாடு உள்ளுக்கை காய்ஞ்சு கல்லாகும். அதைத் தள்ளக் குடல் முக்கும், நீங்களும் முக்குவீங்கள். நைஞ்ச இடமெல்லாம் பிதுங்கும். இலை, காய், குரக்கன், ஒடியல் சாப்பிட்டுத் தண்ணியும் குடிச்சால் அது மெதுவாப் போகும், முக்கத் தேவையில்லை. தக்காளி விதையை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் ஒரேயடியாத் தொடங்காதேங்கோ. இரண்டு கிழமை போகட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்கோ. வந்தால் அடக்கவும் கூடாது."

"அப்ப பை மாறிப்போமோ?" என்று கேட்டார் பஸ்ரியாம்பிள்ளை.

"போகாது. இருக்கும். அதோடை சண்டை பிடிக்காமல் இருக்கப் பழகவேணும். திரும்ப வலியும் காய்ச்சலும் வந்தாலோ, இரத்தம் போனாலோ ஒரு நாளும் பாத்துக்கொண்டிராமல் வாங்கோ. பேதி எண்ட கதையே வேண்டாம்." அவர் அல்போன்சம்மாவின் பக்கம் திரும்பினார். "நீங்கள் அண்டைக்கு எண்ணெய் குடுக்காமல் மறிச்சதாலைதான் இவர் இதிலை படுத்திருக்கிறார்."

அவளுக்கு அது காதில் ஏறவில்லை. "அப்ப என்னாலையோ ஐயா வந்தது?"

"அப்பிடிச் சொல்ல ஏலாது. வயசுக்கும் வரும். எத்தினையோ பேருக்குப் பை இருக்கிறதே தெரியாது."

நல்ல மனிசன், நோகாமல் சொன்னார். ஆனால் அவளுக்குக் கணக்கு விளங்கிவிட்டது. அந்த ஏழு வருசமும் அவள் அடுப்படியில் குந்தியிருந்து தின்றதுதான் மருந்து. நோயாளிக்கு ஊட்டினது நோயை. வெட்கம் முகமெல்லாம் சுட்டது. அன்றைக்கு முழுவதும் புருசனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஊருக்கு வந்து இரண்டு கிழமையும் போய், மூன்றாவதும் பிறந்தது. அல்போன்சம்மா இன்னும் பாணும் வெள்ளைச் சோறும்தான் வைத்தாள். முருங்கை மரம் முற்றத்தில் தளதளவென்று நின்றது. ஒருநாள் இலை பறிக்கக் கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு போய், தடியைத் திரும்பச் சாத்திவிட்டு வந்தாள். டொக்டர் படித்தவர்தான். ஆனால் மனிசனைத் திருப்பித் தந்தது அந்தோனியார். கொடுத்த வாக்கை முறித்தால் அவர் கொடுத்ததைத் திரும்ப எடுக்கமாட்டார் என்று எந்த டொக்டர் துண்டு எழுதித் தருவார்? பஸ்ரியாம்பிள்ளை வைத்ததைத் தின்றார், செம்பு செம்பாய்த் தண்ணீர் குடித்தார், மூன்று நாள் வெளிக்குப் போகாமல் இருந்து, நாலாம் நாள் காலையில் வளவுக்குள் போய் வெகுநேரம் கழித்து வியர்த்து வழிந்த முகத்தோடு வந்தார். கை தன்னையறியாமல் இடப்பக்கத்தில் இருந்தது.

அதைப் பார்த்த சின்னத்தங்கம் குசினி அடுப்படிக்கு வந்தாள்.

"பிள்ளை, பங்குச் சாமியாரைக் கேள். அவர் நேர்த்தியை மாத்தித் தருவார்."

"சாமியார் கடல் அடங்கினால்தான் வருவார்."

"அதுமட்டும் என்ன செய்யப்போறாய்?"

அல்போன்சம்மா கொக்கத்தடியை எடுத்தாள்.

அன்று மத்தியானம் கூழ் காய்ச்சினாள். லியோன் கரையோரத்தில் பிடித்துக் கொண்டுவந்து போட்ட மீனும் நண்டும், பிஞ்சுப் பயற்றங்காயும், இரண்டு கை முருங்கை இலையும் அவிந்து வர, கரைத்த ஒடியல் மாவை விட்டுத் துழாவினாள். உறைப்புக்கு ஒரேயொரு செத்தல் மிளகாய், புளி கொஞ்சம். மிளகாயை உதறவில்லை. கை உதறப்போனது, நிறுத்திக்கொண்டாள். மணம் வேலி தாண்டிப் போயிற்று. பஸ்ரியாம்பிள்ளை வழக்கம்போலச் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு வெளிக்கிட்டார்.

"எங்கை போறியள்? இருங்கோ."

அவர் திரும்பிப் பார்த்தார். கோப்பையில் அரைவாசி கூழ் ஆவி பறந்தது. பக்கத்தில் அவளுடைய தட்டில் காய்ந்த அரை றாத்தல் பாண், வேறொன்றும் இல்லை.

"உதென்ன உனக்கு?"

"நேந்தது நேந்ததுதான். அந்தோனியாரோடை கதைச்சிட்டன். வாய்தானே மாறுது. உங்கடை வாய்க்குப் பதில் என்ரை வாய். சாகுமட்டும் நான் தின்னுறன்."

பஸ்ரியாம்பிள்ளை இருந்தார். கோப்பையைத் தொடவில்லை.

"உன்ரை வயித்துக்குள்ளை இரும்புக் குடலோ இருக்கு?" என்றார். "இன்னும் ஏழு வருசத்தாலை நான் உன்னை லியோன்ரை வள்ளத்திலை போட்டுக்கொண்டு அந்தக் கடலாலை போகவேணுமோ? நீ மடியிலை வைச்சு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு வந்தனி. என்னாலை அது ஏலாதடி. எனக்கு அவ்வளவு நெஞ்சுரம் இல்லை."

"அப்ப வாக்கு?"

அவர் எழும்பி, பாணை எடுத்துக்கொண்டு போய் அந்தோனியார் படத்துக்கு முன்னால் வைத்தார்.

"ஏழு வருசம் அவருக்காக நான் திண்டனான். இனி அவரின்ரை பாணை அவரே பாத்துக்கொள்ளட்டும். செவ்வாய்க்கிழமை கோயிலடியிலை இல்லாததுகளுக்குக் குடு. கிழமைக்குக் கிழமை குடு. அவர் கோவிக்கிறதெண்டால் என்னோடை கோவிக்கட்டும்."

வந்து இருந்து, அவளுடைய வெறும் தட்டில் சட்டியிலிருந்து கூழை அள்ளி ஊற்றினார். பிறகுதான் தன் கோப்பையைத் தூக்கினார். முதல் மிடறை விழுங்காமல் வாய்க்குள் வைத்திருந்தார். கண் கலங்கிவிட்டது. உறைப்பு என்று சொல்லிக்கொண்டார். ஒற்றை மிளகாய்க்கு அப்படி என்ன உறைப்போ.

அல்போன்சம்மா சாப்பிடாமல் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினார். இன்னொரு வாய் குடித்தார், முருங்கை இலையை மென்றார். வெளியே சோளகம் பனைகளில் இரைந்தது. அவருடைய கீழ்ச்சொண்டில் ஒரு மிளகாய் விதை ஒட்டிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் அவளுடைய கை சீலைத்தலைப்போடு எழும்பி, அவருடைய வாய்க்குக் கிட்டப் போய்விட்டது.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் நாக்கை நீட்டி அதையும் நக்கிச் சாப்பிட்டார்.